சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸ்: ஐந்து பேர் குடும்பத்துக்கு விமானச் சீட்டையும் அறை வாடகையையும் சேர்த்துப் போடும் கணக்கு

காலை 8 மணிக்கு ஹோட்டல் வரவேற்பறையில் நின்றோம். நான், மனைவி, 11 வயதுப் பெண், 6 வயதுப் பையன், 66 வயது அம்மா. நள்ளிரவு விமானத்தில் யாருமே தூங்கவில்லை. அறை மாலை 3 மணிக்குத்தான் என்றார்கள். அம்மா ஒன்றும் பேசவில்லை, சோபாவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பையன் பெட்டியின் மேலேயே படுத்துவிட்டான். கடைசியில் இரண்டு அறைக்கும் முன்கூட்டியே சாவி தர 120 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்டார்கள், கொடுத்தேன். அன்றைய கணக்கில் 8,400 ரூபாய். பகல் விமானத்தை விட்டு நள்ளிரவு விமானத்தில் போட்டதால் நான் மிச்சம் பிடித்ததாகப் பெருமைப்பட்ட தொகை 9,000. பாக்கி 600 ரூபாய் எதிர்க் கடையில் காலை இட்லிக்கே போதவில்லை.

விமானச் சீட்டுக்கு ஒரு கணக்கு, ஹோட்டலுக்கு ஒரு கணக்கு என்று தனித்தனி நோட்டில் எழுதியதுதான் நான் செய்த தப்பு. இரண்டையும் இணைக்கும் ஆணி ஒன்று இருக்கிறது. அது இரவுகளின் எண்ணிக்கை. விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்பது நீங்கள் எத்தனை இரவுக்கு வாடகை கட்டுவீர்கள் என்பதை முடிவு செய்கிறது. எந்தப் பேட்டையில் தங்குகிறீர்கள் என்பது டாக்சிக்கும் ரயிலுக்கும் எவ்வளவு போகும் என்பதை முடிவு செய்கிறது. அதற்குப் பிறகு நான் குடும்பத்தோடு இன்னொரு முறை போய்வந்தேன். இரண்டு பயணத்திலும் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். டெல்டா மாவட்டக் குடும்பத்தின் கண்ணோட்டம் இது. மற்ற ஊர்க்காரர்கள் விமான நிலையத்தை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம். சிங்கப்பூர் டாலரை அங்குள்ள தமிழர் வழக்கப்படி வெள்ளி என்றே எழுதுகிறேன். கணக்குக்கு ஒரு வெள்ளி 70 ரூபாய்.

படி 1: கட்டில்களை எண்ணுங்கள்

நம் ஊரில் ஓர் அறை எடுத்து, கூடுதலாக ஒரு மெத்தை கேட்டு, ஐந்து பேரும் படுத்துவிடலாம். சிங்கப்பூரில் அது நடக்காது. நடுத்தர விலை ஹோட்டல்களின் அறைகள் சின்னவை. கட்டிலைச் சுற்றி நடக்கவே இடம் இருக்காது. இரண்டு பெரியவர்கள், கூடவே ஒரு சின்னக் குழந்தை என்பதுதான் பெரும்பாலான அறைகளின் வரம்பு. அறையில் எத்தனை பேர் என்று பதிவின்போதே கேட்பார்கள், வந்து இறங்கியதும் பாஸ்போர்ட்டையும் எண்ணுவார்கள். மூன்று பேருக்கு அறை போட்டுவிட்டு ஐந்து பேராகப் போய் நிற்காதீர்கள்.

ஐந்து என்பது அந்த ஊரில் விலை கூடிய எண். சாதாரண டாக்சியில் நான்கு பேர்தான். ஐந்தாவது ஆள் வந்தால் இரண்டு டாக்சி, இல்லையென்றால் ஆறு இருக்கை வண்டி. அறையும் இரண்டு. இரண்டு பெரியவர், இரண்டு சிறு குழந்தைகள் என்று நான்கு பேராகப் போகிறவர்களுக்கு ‘ஃபேமிலி ரூம்’ எங்காவது கிடைத்துவிடும். ஐந்து, ஆறு பேர் என்றால் இரண்டு அறை என்றே வைத்துக்கொண்டு கணக்கைத் தொடங்குங்கள். இரண்டும் ஒரே தளத்தில் வேண்டும், முடிந்தால் நடுக்கதவு உள்ள அறைகள் வேண்டும் என்று பதிவு செய்த அன்றே மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். என் முதல் பயணத்தில் அம்மாவும் பெண்ணும் மூன்றாம் மாடி, நாங்கள் ஏழாம் மாடி. ராத்திரி இரண்டு முறை லிஃப்டில் ஏறி இறங்கினேன்.

‘ஹோட்டல் எதற்கு, ஒரு வாரத்துக்கு வீடு எடுத்துச் சமைத்துக்கொள்ளலாமே’ என்று கேட்காத குடும்பம் இல்லை. சிங்கப்பூரில் தனியார் குடியிருப்பைத் தொடர்ந்து 3 மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டப்படி குற்றம். வீவக (அரசு வீட்டு வாரியம்) வீடுகளுக்குக் குறைந்தது 6 மாதம், அதுவும் சுற்றுலாப் பயணிகளுக்குக் கிடையாது. இணையத்தில் அப்படி ஏதாவது மலிவாகக் கண்ணில் பட்டால் கடந்துபோய்விடுங்கள். சமையல் மேடையோடு அறை வேண்டுமென்றால் ஹோட்டல் உரிமம் உள்ள அடுக்ககங்களைத் தேடலாம். அவை விலை அதிகம்.

படி 2: இரண்டு ஊர்ப் பள்ளிக் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

என்னைக் கேட்டால் பயணத்தின் பாதிச் செலவை முடிவு செய்வது இந்த ஒரு வேலை. நம் பிள்ளைகளுக்கு எப்போது விடுமுறை என்பது நமக்குத் தெரியும். அங்கே எப்போது விடுமுறை என்பதைத்தான் நாம் பார்ப்பதில்லை. சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு மே கடைசியில் தொடங்கி ஜூன் முழுக்க ஒரு நீண்ட விடுமுறை, நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசிவரை இன்னொன்று. மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒவ்வொரு வாரம்.

நம் காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரத்தை ஒட்டி வரும். பார்க்க நல்ல காலமாகத்தான் தெரியும். ஆனால் சிங்கப்பூரின் ஃபார்முலா ஒன் இரவுப் பந்தயம் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவுக்குள் ஏதோ ஒரு வார இறுதியில் நடக்கும். 2025ல் அக்டோபர் 3 முதல் 5 வரை நடந்தது. அந்த நாட்களில் மரினா பே பக்கம் சாலைகளை மூடிவிடுவார்கள். அறை வாடகை எகிறும். நகரத்துக்குள் கிடைக்காதவர்கள் நம்மவர் கடைகள் நிறைந்த லிட்டில் இந்தியா பகுதி வரை பரவுவதால் அங்கும் விலை ஏறும். அக்டோபர் 1 முதல் சீனாவின் தேசிய தின விடுமுறை வாரமும் சேர்ந்துகொள்ளும். பந்தயத் தேதியைப் பார்க்காமல் காலாண்டு விடுமுறையில் அறை போடாதீர்கள்.

அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசி. அப்போது அங்கும் விடுமுறை, இங்கும் விடுமுறை, உலகத்துக்கே விடுமுறை. விமானம், அறை, யுனிவர்சல் ஸ்டுடியோஸ் கேளிக்கைப் பூங்காவின் வரிசை மூன்றுமே உச்சத்தில் இருக்கும்.

மே மாதத்தின் முதல் மூன்று வாரம் நமக்குக் கோடை விடுமுறை, அவர்களுக்குப் பள்ளி நடக்கும். வார நாட்களில் பூங்காவில் கூட்டம் குறைவு, அறையும் கட்டுப்படியாகும். விமானக் கட்டணம் மட்டும் நம் பக்கத்து விடுமுறையால் ஏறியிருக்கும். அதை மூன்று, நான்கு மாதம் முன்பே போட்டுச் சமாளிக்கலாம். மே தினத்தை ஒட்டிய நாட்களையும் விசாக தினத்தையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்தது பொங்கல். அவர்களுக்கு ஜனவரி தொடக்கத்திலேயே பள்ளி திறந்துவிடும். சீனப் புத்தாண்டு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோதான் வரும். இடையில் கிடைக்கும் அந்த ஜனவரி நடுப்பகுதி ஒரு சந்து. பொங்கலுக்கு லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலை முழுக்க விளக்கு போட்டிருப்பார்கள். எங்கள் இரண்டாவது பயணம் அப்போதுதான். ஊரில் பொங்கல் வைக்காமல் போகிறோமே என்று அம்மாவுக்கு மனக்குறை இருந்தது. தேக்கா கடைவீதியில் கரும்பையும் மஞ்சள் கொத்தையும் பார்த்ததும் கொஞ்சம் ஆறியது.

படி 3: உங்கள் குடும்பத்துக்கு ஓர் இரவின் விலை என்ன?

இது ஒரு எண். இதைக் கண்டுபிடித்துத் தாளில் பெரிதாக எழுதிவையுங்கள். மற்ற எல்லாப் பேரத்தையும் இதை வைத்துத்தான் அளக்கப் போகிறோம்.

எங்கள் கணக்கு இப்படி. லிட்டில் இந்தியாவில் இரண்டு அறை, வரியெல்லாம் சேர்த்து அறைக்கு 130 வெள்ளி, மொத்தம் 260. ஐந்து பேருக்கு ஒரு நாள் சாப்பாடும் ரயிலும் 80 வெள்ளி. ஆக 340 வெள்ளி, 23,800 ரூபாய். இதை ஐந்தால் வகுத்தால் தலைக்கு ஏறத்தாழ 4,760.

இனி விமானம் தேடும்போது இந்த 4,760தான் அளவுகோல். ஞாயிற்றுக்கிழமை திரும்புவதைவிடத் திங்கட்கிழமை திரும்பினால் தலைக்கு 3,000 குறைகிறது என்று திரை காட்டும். விரல் தானாக அந்தப் பொத்தானுக்குப் போகும். ஆனால் அங்கே ஓர் இரவு கூடுகிறது. 3,000 மிச்சம் பிடிக்க 4,760 செலவு. அதுவே செவ்வாய்க்கிழமை புறப்பட்டுச் சனிக்கிழமை திரும்பினால் இரவு எண்ணிக்கை மாறாமல் தலைக்கு 2,000 குறையும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

விலையைப் பார்க்கும்போது ‘++’ என்ற குறி இருக்கிறதா என்று கவனியுங்கள். 10 சதவீதச் சேவைக் கட்டணமும், அதற்கு மேல் 9 சதவீத ஜி.எஸ்.டி.யும் தனி என்று அதற்கு அர்த்தம். 100 வெள்ளி அறை கையில் வரும்போது 119 வெள்ளி 90 காசு ஆகிவிடும். ஒரு தளத்தில் வரியில்லா விலையும் இன்னொரு தளத்தில் வரியோடு விலையும் பார்த்துவிட்டு ஏமாறுகிறவர்கள் நிறைய.

எத்தனை இரவு போதும்? யுனிவர்சல் ஸ்டுடியோஸுக்கு ஒரு முழு நாள். பக்கத்திலேயே உள்ள ‘ஓஷனேரியம்’ மீன் காட்சியகத்துக்கும் அட்வென்ச்சர் கோவ் நீர்ப் பூங்காவுக்கும் சேர்த்து இன்னொரு நாள். மண்டாய் பக்கம் விலங்குத் தோட்டமோ பறவைப் பூங்காவோ ஒரு நாள். ஊர் சுற்ற ஒரு நாள். நான்கு இரவு தாராளம். ஐந்தாவது இரவு போடும்போது ‘இதன் விலை 23,800’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

படி 4: விமான நிலையம், இறங்கும் நேரம்

திருச்சி, சென்னை, கோயம்புத்தூர் மூன்றிலிருந்தும் சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு. பறக்கும் நேரம் நான்கு மணி நேரத்தைச் சுற்றித்தான். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளிக்கொள்ள வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து திருச்சி விமான நிலையம் ஒரு மணி நேரப் பாதை. சென்னை 340 கிலோமீட்டர். சென்னைக் கட்டணம் குறைவாகத் தெரியும்போது ரயில் சீட்டு, ராத்திரி தங்கல், வழிச் சாப்பாடு எல்லாவற்றையும் போய்வர இரண்டு முறை கூட்டுங்கள். எங்களுக்கு அது ஐந்து பேருக்கு 13,000 ரூபாய்க்குக் கிட்ட வந்தது. தலைக்கு 2,600. ஆகவே சென்னை குறைந்தது 3,000 மலிவாக இருந்தால் மட்டும் யோசிப்பேன், அதுவும் அம்மா வராத பயணமாக இருந்தால். அப்படிப் போகிறவர்கள் எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்தில் இறங்குங்கள். அங்கிருந்து மின்சார ரயிலில் திரிசூலம். நிலையத்துக்கு எதிரிலேயே விமான நிலையம். டாக்சிக் காசு மிச்சம்.

கொழும்பு வழியாகவும் கோலாலம்பூர் வழியாகவும் மாறிப் போகும் சீட்டுகள் சில தேதிகளில் நன்றாகக் குறையும். இடைக் காத்திருப்பு மூன்று மணி நேரத்துக்குள் இருந்தால் பரவாயில்லை. ஏழு, எட்டு மணி நேரம் என்றால் விமான நிலையச் சாப்பாடே மிச்சத்தைத் தின்றுவிடும்.

மலிவு விமானங்களின் அடிப்படைக் கட்டணத்தில் கைப்பை மட்டும்தான் சேர்த்தி. ஐந்து பேருக்கும் பை வாங்காதீர்கள். போகும்போது இரண்டு பெட்டி, வரும்போது மூன்று பெட்டி போதும். வரும்போது ஏன் மூன்று என்று லிட்டில் இந்தியாவின் முஸ்தபா சென்டர் பேரங்காடிக்குப் போனவர்களிடம் கேளுங்கள். சீட்டு வாங்கும்போதே பெட்டிக்கும் பணம் கட்டிவிட்டால் குறைவு. விமான நிலையக் கவுன்டரில் கட்டினால் வயிறு எரியும். 2 வயது முடிந்த குழந்தைக்கு முழு இருக்கை வாங்கியாக வேண்டும். பிறந்தநாள் பயணத்தின் நடுவில் வந்தால் திரும்பும் சீட்டுக்கு அந்த வயதுதான் கணக்கு.

இறங்கும் நேரத்துக்கு வருவோம். காலையில் இறங்கும் நள்ளிரவு விமானம் கெட்டதில்லை. அதைச் சரியாகப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இருவர் மட்டும் போகிறீர்கள் என்றால் பெட்டியை ஹோட்டலில் போட்டுவிட்டு நாள் முழுக்கச் சுற்றலாம், ஓர் இரவு வாடகை உண்மையாகவே மிச்சம். முதியவரும் சின்னக் குழந்தையும் கூட வந்தால் அந்த முதல் நாள் நாளே இல்லை. மாலையில் இறங்கும் பகல் விமானம் தலைக்கு 1,800 கூடுதலாக இருந்தாலும் அதுதான் மலிவு. இரவு 11 மணிக்கு மேல் இறங்குவது எல்லாவற்றையும்விட மோசம். எம்.ஆர்.டி. என்னும் நகர ரயில் கிடைக்காது. டாக்சிகளில் நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை மீட்டர் தொகையில் 50 சதவீதம் கூடுதல், அதற்கு மேல் விமான நிலையக் கூடுதல் கட்டணம், அதுவும் ஐந்து பேருக்கு இரண்டு வண்டி. நாலு மணி நேரத் தூக்கத்துக்கு முழு இரவு வாடகை.

படி 5: எந்தப் பேட்டையில் தங்குவது

யுனிவர்சல் ஸ்டுடியோஸ் இருக்கும் செந்தோசா தீவுக்குள்ளேயே தங்குவது எல்லோருடைய ஆசை. பூங்கா வாசலுக்கு நடந்தே போகலாம், நீச்சல் குளம் இருக்கும், பிள்ளைகள் குதிப்பார்கள். விலையைப் பாருங்கள். வரி சேர்த்து அறைக்கு 360 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் இரண்டு அறைக்கு 720. லிட்டில் இந்தியாவின் 260ஐக் கழித்தால் ஓர் இரவுக்கு 460 வெள்ளி வித்தியாசம், 32,200 ரூபாய். இந்தப் பணத்துக்கு உங்களுக்குக் கிடைப்பது காலையும் மாலையும் முக்கால் முக்கால் மணி நேரம்.

லிட்டில் இந்தியாவிலிருந்தோ ஃபேரர் பார்க்கிலிருந்தோ ஊதா நிற வடகிழக்கு ரயில் தடத்தில் ஏறினால் மாறாமல் கடைசி நிலையம் ஹார்பர்ஃபிரண்ட். லிட்டில் இந்தியாவிலிருந்து ஐந்தாவது நிறுத்தம். ஒருவருக்கு இரண்டு வெள்ளிக்குள் முடிந்துவிடும். மேலே விவோசிட்டி வணிக வளாகம். அதன் மூன்றாம் தளத்தில் செந்தோசா எக்ஸ்பிரஸ் ஒற்றைத் தண்டவாள ரயில், தலைக்கு 4 வெள்ளி. தீவுக்குள் நுழையும்போதுதான் கட்டணம். தீவுக்குள் சுற்றவும், வெளியே வரவும் இலவசம். அந்த 4 வெள்ளியும் வேண்டாமென்றால் விவோசிட்டியிலிருந்து கடல் மேல் போட்ட நடைபாதை இருக்கிறது, நடந்தால் காசில்லை. காலையில் ரயிலில் போய், வேண்டுமானால் மாலையில் நடந்து வரலாம் என்று பலர் யோசிப்பார்கள். வரும் வழி ரயிலில் இலவசம் என்பதால் தலைகீழாகச் செய்யுங்கள். காலையில் கால் ஓயாமல் இருக்கும்போது நடந்து போய், மாலையில் உட்கார்ந்து வாருங்கள்.

லிட்டில் இந்தியாவுக்கு இன்னொரு பலம் சாப்பாடு. 1924ல் தொடங்கிய ஆனந்த பவன், 1947ல் தொடங்கிய கோமள விலாஸ், தேக்கா சந்தையின் கடைகள் எல்லாம் நடக்கும் தூரம். அம்மாவுக்குக் காலையில் காபியும் இட்லியும் கிடைத்துவிட்டால் மற்றவர்களுக்கு அன்றைய நாள் நல்ல நாள். அதனால் காலை உணவு சேர்த்த அறை விலையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். சாங்கி விமான நிலையத்திலிருந்து ஒரே நிறுத்தத்தில் எக்ஸ்போ, அங்கே டவுன்டவுன் தடத்துக்கு மாறினால் நேராக லிட்டில் இந்தியா. இரண்டு பெட்டியோடு இது சிரமமே இல்லை.

குறையும் சொல்ல வேண்டும். ஞாயிறு மாலை அந்தப் பகுதி நம் ஊழியர்களால் நிரம்பி வழியும். சிலருக்கு அது தேர்த் திருவிழா, சிலருக்குத் தலைவலி. சில மலிவு அறைகளில் ஜன்னலே இருக்காது. பதிவுப் பக்கத்தில் ‘ஜன்னல் உண்டு’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கேலாங் பக்கம் சில தெருக்களில் அறை இன்னும் மலிவு. அவை சிவப்பு விளக்குத் தெருக்களை ஒட்டியவை. பிள்ளைகளோடு வேண்டாம்.

பூங்கா ஒரு நாள்தான் என்றால் செந்தோசாவில் தங்குவதை மறந்துவிடுங்கள். அடுத்தடுத்து இரண்டு நாள் தீவிலேயே கழிக்கப் போகிறீர்கள் என்றால் அந்த இரண்டு நாளுக்கும் நடுவில் வரும் ஒரே ஓர் இரவை மட்டும் அங்கே வாங்குங்கள். முதல் நாள் காலையிலேயே பெட்டியை ஹோட்டலில் கொடுத்துவிட்டுப் பூங்காவுக்குப் போகலாம். மறுநாள் அறையைக் காலி செய்த பிறகும் பெட்டியை அவர்களே வைத்துக்கொள்வார்கள். ஓர் இரவு வாடகையில் இரண்டு நாள் வசதி. இரண்டாவது பயணத்தில் நாங்கள் செய்தது இதுதான். அம்மாவுக்குப் பூங்காச் சீட்டு எடுக்கவில்லை. சுழலும் ராட்டினத்தில் அவருக்கு என்ன வேலை? மதியம்வரை அறைக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார், மாலையில் கடற்கரைக்குச் சேர்ந்து போனோம். அந்தச் சீட்டுப் பணம் அறை வித்தியாசத்தில் கொஞ்சத்தை ஈடுகட்டியது.

கடற்பாலத்தைத் தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவில் தங்கினால் பாதிக்கும் கீழே வாடகை என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் தினமும் இரண்டு நாட்டுக் குடிநுழைவையும் இருமுறை கடக்க வேண்டும். விடுமுறை நாளில் அது எத்தனை மணி நேரம் எடுக்கும் என்று அந்தப் பாலத்துக்கே தெரியாது. ஐந்து பேருக்குப் பூங்காச் சீட்டு 25,000 ரூபாயைத் தாண்டும். அதை வாங்கிவிட்டுப் பாதி நாளைப் பாலத்தில் நிற்பதற்குக் கொடுப்பது என்ன கணக்கு?

படி 6: உறவினர் வீடு

டெல்டாக்காரர்களுக்குச் சிங்கப்பூரில் ஒரு சித்தப்பா பிள்ளையாவது இருப்பார். ‘ஹோட்டல்லயா தங்குவீங்க, நம்ம வீடு எதுக்கு இருக்கு?’ என்பார். அன்பு உண்மையானது, வீடும் உண்மையாகவே சின்னது. ஐந்து பேர் ஐந்து நாள் என்றால் அவர் பிள்ளைகள் வரவேற்பறையில் படுப்பார்கள், காலையில் ஒரே குளியலறைக்கு ஒன்பது பேர்.

வாரக் கடைசியில் இரண்டு இரவு அவர் வீடு, பூங்கா நாட்களுக்கு ஹோட்டல் என்று பிரித்துக்கொண்டால் இருவருக்கும் முகம் வாடாது. வீடு எந்தப் பகுதி என்று வரைபடத்தில் பாருங்கள். பொங்கோல், செங்காங் என்றால் அதே ஊதாத் தடம், மாறாமல் ஹார்பர்ஃபிரண்ட். உட்லண்ட்ஸ், ஜூரோங் என்றால் செந்தோசாவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். பூங்கா நாளுக்கு முந்தைய இரவு அங்கே வேண்டாம். முறுக்கு, சாம்பார்ப் பொடி, பிள்ளைகளுக்கு ஏதாவது என்று கொண்டுபோவதையும், ஒரு வேளை அவர்களை வெளியே அழைத்துப்போவதையும் செலவில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதினால் கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். எழுதாவிட்டால்தான் கடைசி நாள் கை இழுக்கும்.

படி 7: திரும்பும் வழி மலேசியா என்றால்

ஒரு வாரத்துக்கு மேல் போகிறவர்களுக்கு நான் மிகவும் பரிந்துரைக்கும் வழி இது. சிங்கப்பூரில் இறங்கி, கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்குத் திரும்புவது. திருச்சிக்கும் கோலாலம்பூருக்கும் விமானம் அடிக்கடி உண்டு. சிங்கப்பூரில் மூன்று இரவோடு நிறுத்திக்கொண்டு, வார நாள் காலையில் கடற்பாலத்தைத் தாண்டுங்கள். அந்நேரம் கூட்டமெல்லாம் எதிர்த்திசையில், ஜொகூரிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள். வெள்ளி மாலையும் சனி காலையும் கூடவே கூடாது.

தாண்டியதும் ஜொகூரில் 2012ல் திறந்த லெகோலேண்ட் இருக்கிறது. 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அது பொருத்தம், பதின்வயதுக்காரர்கள் கொட்டாவி விடுவார்கள். அறைகள் பெரியவை, ஐந்து பேருக்கு ஒரே அறைத்தொகுதி கிடைக்கும், வாடகை சிங்கப்பூரில் பாதிகூட வராது. வெளிநாட்டவருக்கு அறைக்கு இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனி. கோலாலம்பூருக்குப் பேருந்தில் நான்கு, ஐந்து மணி நேரம். இந்தியர்களுக்கு விசா இல்லாத நுழைவு 2026 இறுதிவரை உண்டு, இணையத்தில் வருகை அட்டை மட்டும் நிரப்ப வேண்டும். சிங்கப்பூரின் விலையுயர்ந்த இரண்டு இரவை மலேசியாவின் மலிவான மூன்று இரவாக மாற்றுகிறீர்கள். ஒருவழிச் சீட்டு இரண்டின் கூட்டுத்தொகை போய்வரும் சீட்டைவிடக் கொஞ்சம் கூடினாலும் இதில் அடிபட்டுப் போகும்.

படி 8: எதை முதலில் வாங்குவது

முதலில் இலவசமாக ரத்து செய்யக்கூடிய ஹோட்டல். பணம் ஒன்றும் கட்டாமல் அறை கையில் இருக்கும். பிறகு விமானம். விமானத் தேதி ஓரிரு நாள் நகர்ந்தால் ஹோட்டலை நகர்த்திக்கொள்ளலாம், எதிர்மாறாக முடியாது. அடுத்து விசா. சிங்கப்பூர் விசாவுக்கு அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாகப் பயணத்துக்கு ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கட்டணம் தலைக்கு 30 வெள்ளி, முகவர் கூலி தனி, அதை மட்டும் நாலு இடத்தில் கேளுங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். பூங்காச் சீட்டு விசா வந்த பிறகுதான். அறை ரத்துக் காலம் முடிவதற்கு முந்தைய நாள் மறுபடி விலையைத் தேடிப் பாருங்கள். அதே அறை குறைந்திருந்தால் புதிதாகப் போட்டுப் பழையதை ரத்து செய்யலாம். எனக்கு ஒருமுறை இப்படி 40 வெள்ளி திரும்பியது.

புறப்படும் மூன்று நாளுக்குள் நிரப்பும் சிங்கப்பூர் வருகை அட்டை முற்றிலும் இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளமில்லை.

டிராவல்ஸ் ‘பேக்கேஜ்’ வாங்கினால் டி.சி.எஸ். என்று ஒரு தொகை பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் வரவு வைக்கப்படும். ஆனால் அதுவரை பணம் முடங்கும். அதை மொத்தச் செலவில் சேர்க்காதீர்கள், கைப்பணத் திட்டத்தில் சேருங்கள். கிரெடிட் கார்டில் வெள்ளிக் கணக்கில் தேய்த்தால் வங்கி 2 முதல் 3.5 சதவீதம் கூடுதலாக எடுக்கும். ரூபாயில் கட்டும் வசதியைத் தளம் காட்டினால் அந்த மாற்று விகிதத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், பல நேரம் அது இன்னும் மோசம்.

படி 9: பூங்கா நாள்

இங்கே சுருக்கமாக முடிக்கிறேன். 4 வயதுக்குக் கீழ் சீட்டு வேண்டாம். 4 முதல் 12 வரை சிறுவர் கட்டணம். பையனின் உயரத்தை வீட்டிலேயே அளந்துவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரிக்கு 102 செ.மீ., மம்மி சவாரிக்கு 122 செ.மீ. வேண்டும். பாதி ராட்டினத்தில் ஏற முடியாத பிள்ளைக்கு வரிசை தாண்டும் எக்ஸ்பிரஸ் சீட்டு வாங்குவது தண்டம். செவ்வாய் முதல் வியாழனுக்குள் போனால் அதற்குத் தேவையும் இருக்காது. தண்ணீர் பாட்டில் கொண்டுபோங்கள், குழாய்த் தண்ணீரே குடிக்கலாம். உள்ளே ஒரு வேளைச் சாப்பாடு தேக்காவின் இரண்டு வேளை விலை. இடி மின்னல் வந்தால் வெளியே உள்ள ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள், அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

செல்போனில் அழைக்கும் தனியார் வாடகைக் காரில் 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைக்குத் தனி இருக்கை கட்டாயம், அந்த வகை வண்டிக்குக் கட்டணம் கூடுதல். மீட்டர் டாக்சிக்கு இந்த விதி இல்லை. களைத்துப்போய்த் திரும்பும் இரவில் டாக்சி வரிசையில் நிற்பதே லாபம்.

படி 10: கடைசி நாள்

அறையை 11 அல்லது 12 மணிக்குக் காலி செய்ய வேண்டும். இரவு விமானம் என்றால் இன்னொரு இரவு வாடகை கட்டும் சபலம் வரும். பெட்டியை ஹோட்டலிலேயே வைத்துவிட்டு, வெயில் நேரத்தை ஏசி உள்ள இடங்களில் கழித்துவிட்டு, மாலை நான்கு மணிக்கெல்லாம் சாங்கிக்குக் கிளம்பிவிடுங்கள். அங்கே ஜுவல் வளாகத்துக்குள் 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் செயற்கை அருவி இருக்கிறது, பார்க்கக் கட்டணமில்லை. பிள்ளைகள் இரண்டு மணி நேரம் அதை விட்டு நகர மாட்டார்கள். 100 வெள்ளிக்கு மேல் ஒரே கடையில் வாங்கியிருந்தால் ஜி.எஸ்.டி. திரும்பப் பெறும் இயந்திரத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு, பொருள் உள்ள பெட்டியை விமானக் கவுன்டரில் ஒப்படைக்கும் முன்பே அந்த வேலையை முடியுங்கள். சோதனைக்குக் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.

நள்ளிரவில் திருச்சியில் இறங்குவீர்கள். பேருந்து நிலையம் போய்த் தஞ்சாவூர் பேருந்து பிடிக்கலாம் என்று புறப்படும்போது தைரியமாகத்தான் தோன்றும். தூங்கும் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு, மூன்று பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போது அந்தத் தைரியம் இருக்காது. ஊர் வண்டிக்காரரிடம் போகும்போதே திரும்பும் தேதியையும் விமான எண்ணையும் சொல்லி வாடகை பேசி வையுங்கள். வாசலில் பேசுவதைவிட 500 ரூபாயாவது குறையும், அம்மாவுக்கு முன் இருக்கையும் உறுதி.